கந்தகம் உண்ட கதை

கந்தகம் என்றவுடன் நம் மனக்கண்ணில் தோன்றுவன சிவகாசியின் மத்தாப்பும் வாணவெடியுமே. அதற்கும் அடுக்களைக்கும் உறவு உண்டென்று எவரும் எளிதில் எண்ணுவதில்லை. ஆயினும் மனிதன் நெடுங்காலமாகக் கந்தகத்தை உண்டு வந்திருக்கிறான். அறிந்து மருந்தாக உண்டான். அறியாமல் உணவோடு சேர்த்தும் உண்டான். இன்று நகரத்து மருந்துக் கடைகளில், மூட்டுவலிக்கும் முடி உதிர்வதற்கும் தோலின் பொலிவுக்கும் என்று சொல்லிக் கந்தகக் கூட்டுப்பொருள்களை மாத்திரையாகவும் தூளாகவும் விற்கிறார்கள். உடம்பில் கந்தகம் குறைந்துவிட்டது, அதை ஈடு செய்தாக வேண்டும் என்பது விற்பவர் கூறும் நியாயம். அந்த நியாயம் எங்கிருந்து பிறந்தது, எவ்வளவு தூரம் செல்லும் என்பதை வரலாற்றின் துணைகொண்டு பார்ப்போம்.

நம் நாட்டு வைத்தியத்தில் கந்தகத்திற்குத் தனிச் சிறப்பு உண்டு. அதன் பெயரே அதன் மணத்தினால் அமைந்தது. இரசவாதிகள் பாதரசத்தைச் சிவத்தின் அம்சமாகவும் கந்தகத்தைச் சக்தியின் அம்சமாகவும் கொண்டார்கள். இரண்டையும் கல்வத்தில் இட்டு அரைத்தால் மை போன்ற கரிய பொடி கிடைக்கும். வடமொழி நூல்கள் அதனைக் கஜ்ஜளி என்கின்றன. பற்பல இரச மருந்துகளுக்கு அதுவே அடிப்படை. ஆசாரிய பிரபுல்ல சந்திர ராய் 1902-லும் 1909-லும் இரண்டு பாகங்களாக வெளியிட்ட இந்து இரசாயன வரலாறு என்ற ஆங்கில நூலில் இம்முறைகளையெல்லாம் ஒரு வேதியியல் அறிஞரின் கண்கொண்டு ஆராய்ந்திருக்கிறார். அவரே பிற்காலத்தில் தம் ஆராய்ச்சிச் சாலையில் கந்தகக் கூட்டுப்பொருள்களில் ஈடுபட்டார் என்பது பொருத்தமான செய்தி.

கந்தகத்தைக் கிடைத்தபடியே கொடுத்துவிடும் வழக்கம் பழைய வைத்தியர்களிடம் இல்லை. இரும்புக் கரண்டியில் நெய்யோ வெண்ணெயோ சேர்த்து உருக்கி, பால் நிறைந்த பாத்திரத்தின் வாயில் கட்டிய துணியின் மேல் ஊற்றுவார்கள். கல்லும் மண்ணும் துணியில் தங்கும். கந்தகம் பாலில் விழுந்து இறுகும். அதை எடுத்துக் கழுவி, மறுபடியும் உருக்கி, மறுபடியும் ஊற்றுவார்கள். சித்த வைத்தியமும் ஆயுர்வேதமும் இந்தச் சுத்தி முறையை வலியுறுத்தின. சுமார் 115 பாகை சென்டிகிரேட் வெப்பத்திலேயே கந்தகம் உருகிவிடுமாதலால், சாதாரண அடுப்பே இதற்குப் போதும். இரசாயனப் பெயர்கள் எதுவும் அறியாத காலத்தில், கலப்படத்தை நீக்காமல் எதையும் உட்கொள்ளக் கூடாது என்ற ஒழுங்கை வகுத்தவர்கள் அவர்கள். அந்த ஒழுங்கை மறந்துவிட்டு, பழமையானது என்ற ஒரே காரணத்தால் யாரோ சந்தையில் விற்கும் பொடியை வாங்கி விழுங்குவது, பழமைக்குச் செய்யும் மரியாதை ஆகாது. அதிலும் பாதரசம் கலந்த மருந்துகளைத் தாமாகவே வாங்கி உண்பது பேராபத்து.

இந்த மருந்து எந்த நோயில் முதலில் பெயர் வாங்கியது என்று கேட்டால், சொறி சிரங்கில் என்றே சொல்ல வேண்டும். கந்தகத்தை எண்ணெயிலோ நெய்யிலோ குழைத்துப் பூசினால் சிரங்கு ஆறியது. இது நம் நாட்டிலும் கண்ட உண்மை, ஐரோப்பாவிலும் கண்ட உண்மை. டேராடூனுக்கு அருகிலுள்ள சகஸ்ரதாரா, ஒடிசாவின் தப்தபாணி போன்ற கந்தக ஊற்றுகளில் தோல் நோயாளிகள் கூட்டங் கூட்டமாக நீராடுவதற்கும் இதுவே மூலம்.

பூசியவர்களுக்குப் பலன் கிடைத்தது. ஆனால் காரணம் தெரியவில்லை. தோலில் தோன்றும் கோளாறுகளெல்லாம் இரத்தம் கெட்டதன் அறிகுறிகள் என்று அந்நாளில் கருதினார்கள். கந்தகம் சிரங்கை ஆற்றுகிறது. சிரங்கோ இரத்தக் கேட்டினால் வருகிறது. ஆகவே கந்தகம் இரத்தத்தைச் சுத்தி செய்கிறது. ஆகவே அதைப் பூசுவதைவிட உண்பது மேல். எவ்வளவு அழகான தர்க்கம் பாருங்கள்! ஒவ்வொரு படியும் முன்னதன் மேல் ஒழுங்காக நிற்கிறது. அடிப்படி மட்டும் தவறு.

அந்த அடிப்படியை உடைப்பதற்கு ஒன்றரை நூற்றாண்டு பிடித்தது. 1687-இல் இத்தாலியில் போனோமோ என்ற மருத்துவரும் செஸ்தோனி என்ற மருந்தாளரும் சிரங்குக் கொப்புளத்திலிருந்து ஒரு நுண்ணிய உயிரியை எடுத்து உருப்பெருக்கியின் கீழ் கண்டு எழுதினார்கள். உலகம் அதைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. 1834-இல் ரெனூச்சி என்ற கார்சிகா நாட்டு மாணவர், தம் ஊர்ப் பெண்கள் ஊசிமுனையால் செய்வதைப் போலவே, பாரிஸ் மருத்துவர்களின் கண்முன்னால் அந்தப் பூச்சியை எடுத்துக் காட்டினார். அதன்பிறகே விஷயம் நிலைபெற்றது. சிரங்கு இரத்தத்தின் குற்றமன்று. தோலில் வளை தோண்டி வாழும் பூச்சியின் வேலை. கந்தகம் அந்தப் பூச்சியைக் கொல்கிறது. கைக்குழந்தைகளுக்கும் கருவுற்ற தாய்மார்களுக்கும் ஏற்ற சிரங்கு மருந்தாகக் கந்தகக் களிம்பை மருத்துவர்கள் இன்றைக்கும் தருகிறார்கள். பூசுவதற்கான நியாயம் உறுதியாயிற்று. உண்பதற்கான நியாயம் அதே நாளில் கரைந்து போயிருக்க வேண்டும். ஆனால் பழக்கம் நியாயத்தைவிட நீண்ட ஆயுள் உடையது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில், குழந்தைகளுக்குக் கந்தகத்தைக் கரும்புப் பாகில் குழைத்துக் கட்டாயமாகப் புகட்டும் வழக்கம் இருந்தது. இரத்தம் சுத்தமாகும் என்பது தாய்மார்களின் நம்பிக்கை. நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் 1838-இல் வெளியிடத் தொடங்கிய நிக்கொலஸ் நிக்கிள்பி என்ற கதையில், ஒரு கொடிய பள்ளிக்கூடத்துத் தலைவி இதே கலவையைப் பிள்ளைகளுக்கு ஊட்டுகிறாள். ஆனால் அவள் நோக்கம் ஆரோக்கியமன்று, பிள்ளைகளின் பசியைக் கெடுத்துக் காலை உணவின் செலவைக் குறைப்பது! கந்தகத்தின் உண்மையான வேலை குடலை இளக்குவது. உள்ளே சென்ற கந்தகத்தில் ஒரு பகுதி குடலில் சல்பைடாக மாறிப் பேதியை உண்டாக்குகிறது. எஞ்சியது சென்ற வழியே வெளியேறுகிறது. நிலாவரை, அதிமதுரம், சோம்பு ஆகியவற்றோடு கந்தகத்தையும் சேர்த்த ஒரு சூரணம் பிரிட்டிஷ் மருந்து நூலில் இடம்பெற்றுப் பேதி மருந்தாக நம் நாட்டுக் கடைகளுக்கும் வந்தது. வயிறு கழிந்ததும் உடல் லேசாகும். இரத்தம் சுத்தமாயிற்று என்று மனம் மகிழும். நம்பிக்கைக்கு அதைவிட வேறு சாட்சி எதற்கு?

மஞ்சள் நிறக் கந்தகத்தின் கதை இப்படியிருக்க, கந்தகம் என்று தெரியாமலே மனிதன் விரும்பி உண்ட கந்தகம் ஒன்று உண்டு. அதுதான் பூண்டு. 1890-இல் ஹாமில்டன் பவர் என்ற இந்தியப் படை அதிகாரி, மத்திய ஆசியாவிலுள்ள கூச்சா நகரில் பழைய மரப்பட்டைச் சுவடி ஒன்றை விலைக்கு வாங்கினார். பூர்ஜ மரப்பட்டையில் குப்த எழுத்தில் எழுதப்பட்ட அந்தச் சுவடியை ஹோர்ன்லே என்ற அறிஞர் படித்து வெளியிட்டார். இன்று அது ஆக்ஸ்போர்டு நூலகத்தில் இருக்கிறது. அதன் முதற் பகுதியே பூண்டின் பெருமையைப் பேசுகிறது. பூண்டு அசுரனின் குருதியிலிருந்து பிறந்தது, ஆதலால் அந்தணர் அதை உண்ணலாகாது என்கிறது அந்நூல். நோயுற்ற அந்தணர் என் செய்வது? அதற்கும் வழி கூறுகிறது: பசுவுக்குப் புல்லைக் குறைத்துப் பூண்டுத் தாளை ஊட்டி, அதன் பாலைக் கறந்து உண்ணலாம்! விதியையும் காத்து நோயையும் தீர்க்க முயன்ற அந்த வைத்தியரின் சாமர்த்தியத்தை நாம் மெச்சத்தான் வேண்டும்.

பூண்டின் மணத்திற்குக் காரணமான கந்தகப் பொருள்களை ஐரோப்பிய வேதியியலார் 1844 முதலே ஆராயத் தொடங்கினார்கள். 1944-இல் காவல்லிட்டோ, பெய்லி என்ற இரு அமெரிக்கர்கள் அல்லிசின் என்ற பொருளைப் பிரித்தெடுத்து, அது நுண்கிருமிகளைத் தடுக்க வல்லது என்று காட்டினார்கள். முழுப் பூண்டில் அல்லிசின் கிடையாது. பல்லை நசுக்கும்போது, அதுவரை தனித்தனி அறையில் இருந்த இரண்டு பொருள்கள் கலந்து அப்பொழுதுதான் அது பிறக்கிறது. பூண்டை நசுக்காமல் முழுதாகக் கொதிக்கும் குழம்பில் போட்டால் அந்தச் சேர்க்கை நடைபெறுவதற்கு இடமே இல்லை. நம் பாட்டிமார் பூண்டைத் தட்டிப் போடச் சொன்னது எந்த ஆராய்ச்சியையும் படித்து அன்று.

இனி, உடம்பினுள் இருக்கும் கந்தகத்தைக் கண்டுபிடித்த கதைக்கு வருவோம். 1810-இல் வொல்லாஸ்டன் என்ற ஆங்கிலேயர், நீர்ப்பையிலிருந்து எடுத்த ஒரு கல்லை ஆராய்ந்து புதுப்பொருள் ஒன்றைக் கண்டார். அதற்கே பின்னர் சிஸ்டைன் என்று பெயர் வந்தது. அதில் கந்தகம் இருப்பது அவருக்குத் தெரியாது. நோயின் கழிவாக எண்ணப்பட்ட அந்தப் பொருள், கொம்பிலும் முடியிலும் நகத்திலும் உள்ள புரதத்தின் உறுப்பே என்பது 1899-இல், மோர்னர் என்ற சுவீடன் அறிஞர் மாட்டுக்கொம்பிலிருந்து அதைப் பிரித்தெடுத்தபோது விளங்கிற்று. முடி எரியும்போது வரும் நாற்றத்தின் காரணமும் அப்போது தெளிவாயிற்று. 1922-இல் முல்லர் என்பவர் கந்தகம் உள்ள இரண்டாவது அமினோ அமிலமான மெதியோனைனைக் கண்டார். இடையில், 1921-இல், கேம்பிரிட்ஜில் ஹாப்கின்ஸ் குளுடாதையோன் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார். உயிரணுக்களை நச்சுப் பொருள்களிலிருந்து காக்கும் கவசம் போன்றது அது. அதன் உயிர்நிலையும் கந்தகமே.

கந்தக ஆராய்ச்சியில் எல்லாவற்றினும் சுவையான அத்தியாயம் பெரிபெரி நோயைப் பற்றியது. நம் மண்ணோடு தொடர்புடையதும் அதுவே. தீட்டிய வெள்ளை அரிசியையே நம்பி வாழ்ந்த மக்களுக்குக் கால் மரத்து, உடல் வீங்கி, இதயம் தளர்ந்து மரணம் வந்தது. ஆந்திரக் கடற்கரை மாவட்டங்களில் இந்நோய் மிகுந்திருந்தது. இதை ஆராய்வதற்கென்றே 1918-இல் குன்னூரிலிருந்த பாஸ்டர் நிலையத்தில், ராபர்ட் மக்காரிசன் ஓர் அறையில் பணியைத் தொடங்கினார். அந்தச் சிறு வித்தே வளர்ந்து 1958-இல் ஹைதராபாதுக்குப் பெயர்ந்து, 1969-இல் தேசிய ஊட்டச்சத்து நிலையம் ஆயிற்று.

தவிட்டில் உள்ள எந்தச் சத்து பெரிபெரியைத் தடுக்கிறது? ஜாவாத் தீவில் யான்சன், டோனாத் என்ற இரு டச்சு அறிஞர்கள் 1926-இல் அச்சத்தைப் பளிங்குகளாகப் பிரித்தெடுத்துவிட்டார்கள். அதில் கரி, ஹைட்ரஜன், நைட்ரஜன், பிராணவாயு எல்லாவற்றையும் கணக்கிட்டார்கள். அங்கே அமர்ந்திருந்த ஒரே ஒரு கந்தக அணுவை மட்டும் தவற விட்டார்கள்! கணக்குச் சரியாக வராததால் அந்தச் சத்தின் அமைப்பு யாருக்கும் பிடிபடவில்லை. 1932-இல் ஜெர்மனியில் விண்டாஸ் அந்தக் கந்தகத்தைக் கண்டார். 1936-இல் அமெரிக்காவில் ராபர்ட் வில்லியம்ஸ் அச்சத்தைச் செயற்கையாகவே செய்து முடித்தார். வில்லியம்ஸின் சொந்த வாழ்க்கையும் நம் நாட்டோடு பிணைந்தது. அவர் 1886-இல் நெல்லூரில் பிறந்தவர். கந்தகத்தின் கிரேக்கப் பெயரைச் சேர்த்துத் தயமின் என்று அச்சத்துக்குப் பெயர் ஏற்பட்டது. வைட்டமின் பி ஒன்று என்று நாம் சொல்வது இதைத்தான்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெரிபெரி நோயாளிக்குக் கந்தகத் தூளைக் கிலோக் கணக்கில் கொடுத்தாலும் அவன் பிழைக்கமாட்டான். அவனுக்கு வேண்டியது கந்தகமன்று. கந்தக அணு தனக்குரிய இடத்தில் பொருந்திய தயமின். அந்தப் பொருத்தத்தை நம் உடலால் செய்துகொள்ள இயலாது. கந்தகப் புகையிலிருந்து கிடைக்கும் சல்பைட்டு உப்புகளை உணவு கெடாதிருக்கச் சேர்த்தால், அவை தயமினையே சிதைத்துவிடுகின்றன! கந்தகமே கந்தகச் சத்துக்குப் பகையாகும் விந்தை இது. ஆந்திரக் கடற்கரையில் பச்சரிசி உண்டவர் நோயுற்றபோது, புழுங்கல் அரிசி உண்ட பகுதிகள் பெரிதும் தப்பின. நெல்லை அவிக்கும்போது உமியை ஒட்டிய சத்து உள்ளே இறங்கி அரிசியில் தங்கிவிடுவதே காரணம்.

மெதியோனைனும் அத்தகையதே. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ரோஸ் 1940-களில் தம் மாணவர்களையே சோதனைக்கு உட்படுத்தினார். மாவுப் பொருளும் சர்க்கரையும் கொழுப்பும், அவற்றோடு அளந்து கலந்த தூய அமினோ அமிலங்களுமே அவர்களுக்கு ஆகாரம். பட்டியலிலிருந்து மெதியோனைனை நீக்கியவுடன் அவர்கள் உடலின் நைட்ரஜன் சமநிலை தடுமாறிற்று. திருப்பிச் சேர்த்ததும் சரியாயிற்று. மனிதன் மெதியோனைனைத் தானே செய்துகொள்ள மாட்டான், உணவிலிருந்தே பெற வேண்டும் என்பது இவ்வாறு நிலைநாட்டப்பட்டது. கந்தகம் உள்ள உயிர்ப்பொருள்களின் ஆராய்ச்சிக்காக வின்சென்ட் டு விஞ்ஞோ 1955-இல் நோபெல் பரிசு பெற்றார்.

வளர்ந்த மனிதனின் உடலில் ஏறக்குறைய 140 கிராம் கந்தகம் இருக்கிறது. அதைப் பேணுவதற்கு வேண்டிய கந்தக அமினோ அமிலங்களின் அளவு, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்குச் சுமார் 15 மில்லிகிராம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2007-இல் வெளியிட்ட அறிக்கை கணித்தது. 60 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு கிராமுக்கும் சற்றுக் குறைவு. பருப்பில் மெதியோனைன் குறைவு, லைசின் மிகுதி. அரிசியில் லைசின் குறைவு, மெதியோனைன் ஓரளவு உண்டு. இரண்டையும் சேர்த்து உண்டால் ஒன்றின் குறையை மற்றொன்று தீர்க்கிறது. இட்டிலியும், பொங்கலும், வடநாட்டுக் கிச்சடியும் இந்தக் கணக்கை அறியாமலே போட்டு வைத்தவை. முட்டையும் மீனும் பாலும் உண்பவர்க்குக் கவலையே இல்லை. வறுமையால் புரதமே போதாதவர்க்குக் குறை உண்டாகலாம். ஆனால் அவர்களுக்கு எட்டாத விலையில்தான் அந்த மாத்திரைகள் விற்கப்படுகின்றன.

அந்த மாத்திரைகளின் பூர்வோத்தரத்தையும் சொல்லிவிடுவோம். காகித ஆலைகளின் கழிவிலிருந்து டைமெத்தில் சல்பாக்சைடு என்ற திரவம் கிடைக்கும். 1860-களிலேயே ரஷ்ய வேதியியலார் சாய்ட்செப் அதைச் செய்திருந்தார். 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், ஸ்டான்லி ஜேக்கப் என்ற அறுவை மருத்துவரும், ஒரு காகித நிறுவனத்தின் வேதியியலாரான ஹெர்ஷ்லரும் அதன் மருத்துவ குணங்களை ஆராய்ந்தார்கள். தோலில் தடவினால் நொடியில் உள்ளே இறங்கும். மூச்சில் பூண்டு வாடை அடிக்கும்! அற்புத மருந்து என்று பத்திரிகைகள் ஆரவாரித்தன. விலங்குகளின் விழியாடியில் மாறுதல்கள் தோன்றியதால் 1965-இல் அமெரிக்க அரசு மனிதர்மேல் செய்த சோதனைகளை நிறுத்தியது. 1978-இல் நீர்ப்பை அழற்சி ஒன்றுக்கு மட்டும் அனுமதி கிடைத்தது. அந்தத் திரவத்தின் ஆக்சிகரணத்தால் வாடையற்ற ஒரு வெண்பொடி உண்டாகிறது. மெத்தில் சல்பானில் மீத்தேன் என்ற அதுவே, எம்.எஸ்.எம். என்ற மூன்றெழுத்துப் பெயரில் இயற்கைக் கந்தகம் என்று விற்கப்படுகிறது. அமெரிக்காவில் 1994-இல் வந்த சட்டம், இத்தகைய துணையுணவுகளை மருந்துகளைப் போல் முன்கூட்டிச் சோதித்து நிரூபிக்கத் தேவையில்லை என்றாக்கியபின் வியாபாரம் பெருகிற்று.

இதனால் பயனே இல்லை என்று கூறிவிட நாம் துணியவில்லை. 2006-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், முழங்கால் தேய்வுற்ற 50 பேருக்கு 12 வாரம் நாளொன்றுக்கு 6 கிராம் கொடுத்துப் பார்த்தார்கள். வலி சற்றுக் குறைந்தது. பெரிய மாறுதல் இல்லை. இதே ஆண்டில் 1,583 பேரை வைத்துச் செய்த பெருஞ்சோதனையில், குளுக்கோசமினும் காண்ட்ராய்டின் சல்பேட்டும் நோயாளிகளின் மொத்தக் கூட்டத்தில் வெறும் மாத்திரையைவிடக் குறிப்பிடத்தக்க அளவு மேலாக அமையவில்லை. வலிக்கு ஓரளவு இதம் தருவது வேறு, உடம்பின் கந்தகக் குறையை நிரப்புவது வேறு. உட்கொண்ட எம்.எஸ்.எம்.-இன் பெரும்பகுதி சிறுநீரில் வெளியேறிவிடுகிறது. இரத்தம் சுத்தமாகும் என்ற பழைய வாக்கு, குறையை ஈடு செய்யும் என்ற புது உடையில் வந்திருக்கிறது, அவ்வளவே.

கந்தகம் மெய்யாகவே உயிர் காக்கும் இடம் ஒன்றும் உண்டு. பாரசிட்டமால் மாத்திரையை அளவு கடந்து விழுங்கியவரின் ஈரலில் குளுடாதையோன் தீர்ந்து போகிறது. அசிட்டைல் சிஸ்டீயின் என்ற கந்தக மருந்தைக் காலத்தோடு கொடுத்தால் அது மீண்டும் ஊறி ஈரல் பிழைக்கிறது. 1970-களில் எடின்பரோவில் பிரெஸ்காட் முதலியோர் நிறுவிய இச்சிகிச்சையை இன்று மருத்துவமனைகள் எங்கும் கையாளுகின்றன. ஆனால் அது மருத்துவர் அளந்து தரும் மருந்து. துணையுணவுச் சீசாக்களின் மேல் மருத்துவப் பயனுக்கன்று என்று அச்சிட வேண்டும் என 2016-இல் நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிகள் வகுத்தன. வாங்குவோர் அந்த வரியையும் படிப்பது நல்லது.

நாம் செய்ய இயலாத அந்தக் கந்தகப் பொருத்தத்தைச் செய்துதருபவை செடிகளே. மண்ணிலுள்ள சல்பேட்டை வேரால் உறிஞ்சி, அவை மெதியோனைனாகவும் தயமினாகவும் பூண்டின் மணமாகவும் மாற்றுகின்றன. மண்ணில் கந்தகம் குறைந்தால் வெங்காயத்தின் காரம்கூடக் குறைந்துவிடும். தமிழ்நாட்டில் நிலக்கடலை பயிரிடுவோர், விதைத்து நாற்பது நாற்பத்தைந்து நாளில், மண் அணைக்கும்போது ஏக்கருக்கு 160 கிலோ அளவில் ஜிப்சம் இடுகிறார்கள். அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து காயைத் திரளச் செய்கிறது. கந்தகம் பருப்புக்குள் சென்று சேர்கிறது.